எண்ண முடியாததைத் தராசில் எண்ணுவது: மோலும் மோலார் நிறையும்

கேரள எல்லைக்குள் பாறசாலைக்கு அப்பால் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி மூன்று சந்தேகங்களை எழுதி அனுப்பியிருக்கிறாள். மோல் என்பது எண்ணிக்கையா, எடையா என்பது முதலாவது. அணு நிறை அலகில் 12 என்று சொல்லப்படும் கார்பன், கிராமிலும் அதே 12 ஆக எப்படி வந்து நிற்கிறது என்பது இரண்டாவது. கணக்கில் எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது என்று பிடிபடவில்லை என்பது மூன்றாவது. அதற்குச் சான்றாக, 50 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் எத்தனை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும் என்ற கணக்கில் தனக்கு 1120 லிட்டர் வந்ததையும் எழுதியிருக்கிறாள். வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமுமாக வளர்கிற பிள்ளை என்பதால், ஆசிரியர் 'மோள்' என்று சொன்ன நாளில் வகுப்பே சிரித்தது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். விளவங்கோடு பக்கத்தில் எங்கள் வீடுகளிலும் மகளை 'மோளே' என்றுதான் கூப்பிடுகிறோம் என்பதால், அந்தச் சிரிப்பு எல்லைக்கு இந்தப் பக்கமும் கேட்கிற சிரிப்புதான்.

களியக்காவிளையைச் சுற்றிய ஊர்களில் நெடுங்காலம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. பாடம் தொடங்கும் முதல் நிமிடத்திலேயே கரும்பலகையில் 6.022 × 10²³ என்று எழுதிவிடுகிறோம். அந்த எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகளின் மனம் அதன் பிரம்மாண்டத்தில் மாட்டிக்கொள்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் எளிய யோசனை கண்ணில் படாமலே போய்விடுகிறது. அந்த யோசனைக்கு எண்ணே தேவையில்லை. ஆகவே எண்ணைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, உனக்கும் எனக்கும் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

முந்திரி ஆலையை நாம் 'அண்டி ஆபீஸ்' என்கிறோம். அங்கே உடையாத வெள்ளைப் பருப்பைத் தரம் பிரிக்கும்போது டபிள்யூ 180, டபிள்யூ 210, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று பெயரிடுகிறார்கள். அந்த எண், ஒரு பவுண்டு எடையில், அதாவது ஏறத்தாழ 454 கிராமில், அதிக அளவாக எத்தனை பருப்பு நிற்கும் என்பதைக் குறிக்கிறது. எண் சிறியதென்றால் பருப்பு பெரியது. 454ஐ 240ஆல் வகுத்தால் அந்தத் தரத்துப் பருப்பு ஒன்று சுமார் 1.89 கிராம், 320ஆல் வகுத்தால் சுமார் 1.42 கிராம். இரண்டின் எடைக்கும் உள்ள விகிதம் 4க்கு 3.

இனி தராசில் ஒரு தட்டில் 240 தரத்துப் பருப்பை 4 கிலோவும், இன்னொரு தராசில் 320 தரத்தை 3 கிலோவும் நிறுத்திக்கொள். இரண்டு குவியலிலும் இருக்கும் பருப்புகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஒரு பருப்பைக்கூட நீ எண்ணவில்லை. எத்தனை என்று கேட்டால் உனக்குச் சொல்லவும் தெரியாது. ஆனாலும் இரண்டும் சமம் என்று சத்தியம் செய்யலாம். ஒன்றுக்கொன்று உள்ள எடை விகிதம் தெரிந்திருந்தால், அதே விகிதத்தில் நிறுத்தாலே எண்ணிக்கை சமமாகிவிடும். மோல் என்ற கருத்தின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கார்பன் அணுவின் நிறைக்கும் ஆக்சிஜன் அணுவின் நிறைக்கும் உள்ள விகிதம் 12க்கு 16, அதாவது அதே 3க்கு 4. எனவே 12 கிராம் கார்பனிலும் 16 கிராம் ஆக்சிஜனிலும் அணுக்கள் சம எண்ணிக்கையில் இருக்கின்றன. 320 தரத்துப் பருப்பைக் கார்பன் என்றும் 240 தரத்தை ஆக்சிஜன் என்றும் நினைத்துக்கொண்டால் போதும். 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் இப்படித்தான் வேலை செய்தார்கள்: ஒரு குவியலில் எத்தனை அணு என்பது தெரியாமலே, இரண்டு குவியல்கள் சமம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, நீரில் இரண்டு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்பது போன்ற வாய்பாடுகளைக் கண்டறிந்தார்கள்.

இந்தச் சமத்துவம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவது எண்ணிக்கைக் கணக்கில். நம் கையில் இருக்கும் தராசு காட்டுவதோ எடைக் கணக்கை. ஒரு கார்பன் அணு இரண்டு ஆக்சிஜன் அணுக்களோடு சேரும் என்று இயற்கை சொல்கிறது. கடைக்காரர் அரை கிலோ கரி தருகிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மோலார் நிறை. மோல் என்பது எண்ணிக்கைப் பக்கம் நிற்கிறது. வெற்றிலைக்குக் கவுளி, முட்டைக்கு டசன் என்பது போல அது ஒரு கட்டு, ஆனால் மிகப் பெரிய கட்டு. மோலார் நிறை என்பது அந்தக் கட்டு ஒன்றின் நிறை. அது பொருளுக்குப் பொருள் மாறும். ஒரு டசன் கோழிமுட்டைக்கும் ஒரு டசன் வாத்துமுட்டைக்கும் எண்ணிக்கை ஒன்று, எடை வேறு. உன் முதல் சந்தேகத்துக்கு விடை இதுதான்: மோல் எண்ணிக்கையைச் சேர்ந்தது, எடையைச் சேர்ந்தது அல்ல.

இரண்டாவது சந்தேகம்தான் மூன்றிலும் நல்ல கேள்வி. பல பேர் பட்டப்படிப்பு முடித்த பிறகும் அதை மாயம் போலவே ஏற்றுக்கொண்டு போய்விடுகிறார்கள். மறுபடியும் பருப்புக்கே வருவோம். ஒரு பருப்பு 1.42 கிராம் என்றால், ஆயிரம் பருப்பு எவ்வளவு? 1.42 கிலோ. எண் அப்படியே நின்றது, அலகு மட்டும் கிராமிலிருந்து கிலோவுக்கு ஏறியது. இதில் யாருக்கும் வியப்பு வராது, ஏனென்றால் ஒரு கிலோவில் ஆயிரம் கிராம் இருக்கிறது, நாம் எடுத்துக்கொண்டதும் ஆயிரம் பருப்பு. 240 தரத்தை எடுத்தாலும் இதே கதை: ஒன்று 1.89 கிராம், ஆயிரம் 1.89 கிலோ. ஆயிரத்துக்குப் பதில் 800 பருப்பை ஒரு கட்டாக வைத்திருந்தால் இந்தப் பொருத்தம் வந்திராது.

இப்போது கிராமின் இடத்தில் அணு நிறை அலகையும், கிலோவின் இடத்தில் கிராமையும் வைத்துப் பார். அணு நிறை அலகு என்பது கார்பன்-12 அணு ஒன்றின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதன் அளவு ஏறத்தாழ 1.66 × 10⁻²⁴ கிராம். ஒரு கிராமுக்குள் இத்தகைய அலகுகள் எத்தனை அடங்கும் என்று வகுத்துப் பார்த்தால் 6.022 × 10²³ வருகிறது. ஒரு கிலோவில் ஆயிரம் கிராம் அடங்குவது போலவே ஒரு கிராமில் 6.022 × 10²³ அணு நிறை அலகுகள் அடங்குகின்றன. எனவே ஒரு கார்பன்-12 அணுவின் நிறை 12 அலகு என்றால், 6.022 × 10²³ கார்பன்-12 அணுக்களின் நிறை 12 கிராம். அவகாட்ரோ எண் என்பது வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல; அணுவின் சிறிய அலகிலிருந்து தராசின் பெரிய அலகுக்கு ஏறுவதற்கான மாற்று எண். இலக்கம் மாறாமல் அலகு மட்டும் மாறட்டும் என்பதற்காகவே கட்டின் அளவு அப்படி வைக்கப்பட்டது.

அந்த எண் எவ்வளவு பெரியது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 320 தரத்து முந்திரிப் பருப்பை ஒரு மோல் அளவு சேர்த்தால் அதன் எடை ஏறத்தாழ 8.5 × 10²⁰ கிலோ ஆகும். பூமியில் உள்ள கடல்நீர் முழுவதன் நிறை சுமார் 1.4 × 10²¹ கிலோ. கன்னியாகுமரியில் நின்று பார்க்கிற கடல் மட்டுமல்ல, உலகத்துக் கடல் அத்தனையையும் ஒரு தட்டில் வைத்தாலும், மறுதட்டில் பருப்பு பாதிக்கு மேல் எடை நிற்கும். அதே ஒரு மோல் நீர் மூலக்கூறுகள் வெறும் 18 கிராம். ஒரு மடக்குத் தண்ணீர். பருப்புக்கும் மூலக்கூறுக்கும் உள்ள தொலைவு இதிலிருந்தே விளங்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அவகாட்ரோ இந்த எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியரான அவர் 1811இல் சொன்னது, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்பதை மட்டுமே; முந்திரி உவமையில் சொன்ன 'சமம்' என்ற பகுதிதான் அது. அரை நூற்றாண்டு கழித்து 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர்களிடம் இன்னோர் இத்தாலியரான கன்னிசாரோ அதை எடுத்துச் சென்ற பிறகே அணு நிறைகளில் ஒழுங்கு வந்தது. மூலக்கூறின் அளவை 1865இல் ஆஸ்திரிய அறிவியலாளர் லோஷ்மிட் மதிப்பிட்டார். எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டலாம் என்று 1909இல் முன்மொழிந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன். அவருக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது. மோல் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜெர்மன் வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட், அணுக்கள் உண்மையில் இருக்கின்றன என்பதையே நெடுங்காலம் நம்ப மறுத்தவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த முரண்.

பழைய பாடப்புத்தகத்தில் 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை துகள்கள் ஒரு மோல் என்று படித்திருப்பாய். 2019 மே 20 முதல் அந்த வரையறை இல்லை. ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என்று எண்ணையே நிலைநிறுத்திவிட்டார்கள். பள்ளிக் கணக்கில் இதனால் ஓர் இலக்கமும் மாறாது. ஆனால் மோல் எண்ணிக்கையைச் சேர்ந்தது என்று மேலே சொன்னதை இந்தப் புதிய வரையறை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது.

மோலார் நிறையைக் கணக்கிடுவது கடினமான காரியம் அல்ல. வாய்பாட்டில் உள்ள ஒவ்வோர் அணுவின் ஒப்பு நிறையையும், அதாவது அணு நிறை அலகில் சொல்லும் எண்ணையும், அதன் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, 'கிராம் ஒரு மோலுக்கு' என்று அலகு போட்டால் முடிந்தது. கவனிக்க வேண்டிய இடம் வேறு. குளோரினின் நிறை ஏன் 35.45 என்று அரைகுறையாக நிற்கிறது என்று கேட்பார்கள். 35.45 அலகு நிறையுள்ள குளோரின் அணு உலகில் எங்கும் கிடையாது. நான்கில் மூன்று பங்கு போல குளோரின்-35, மீதி குளோரின்-37 என்று இயற்கையில் கலந்து கிடப்பதால் வருகிற சராசரி அது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் புத்தளம் அளத்து உப்பாக இருந்தாலும் வேறெங்கிருந்து வந்த உப்பாக இருந்தாலும் கலவை அதேதான் என்பதால் சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.44 என்று தைரியமாகப் போடலாம். உப்பில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை, மின்னூட்டம் கொண்ட அயனிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அதனால் அங்கே மூலக்கூறு நிறை என்று சொல்லாமல் வாய்பாட்டு நிறை என்று சொல்வது சரி. கணக்கு ஒன்றுதான்.

இனி உன் கணக்கில் வந்த கால்சியம் கார்பனேட்டுக்கு வருகிறேன். கடற்கரையில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதை நீ பார்த்திராவிட்டாலும் உன் பாட்டி பார்த்திருப்பார். வெற்றிலைக்கும், அக்கானி என்கிற பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே பூசுவதற்கும், சுவருக்கும் அந்தச் சுண்ணாம்புதான். சூளையில் அடுக்கிய சிப்பியை விட, வெந்து வெளியே வருகிற சிப்பி கையில் எடுத்தாலே தெரிகிற அளவுக்கு லேசாக இருக்கும். வடிவம் பெரிதாக மாறுவதில்லை, எடைதான் போய்விடுகிறது. எவ்வளவு போகும் என்பதை மோலார் நிறை துல்லியமாகச் சொல்கிறது. கால்சியம் 40.1, கார்பன் 12.0, மூன்று ஆக்சிஜன் 48.0, ஆகக் கால்சியம் கார்பனேட் 100.1. அதிலிருந்து 44.0 நிறையுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் 56.1 நிறையுள்ள கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, மிஞ்சுகிறது. ஒரு மோலுக்கு ஒரு மோல், ஒரு மோல். தூய சிப்பி 100 கிலோ சூளைக்குள் போனால், முழுவதும் வெந்தால், 56 கிலோதான் திரும்பி வரும். மணலும் ஈரமும் கலந்திருந்தால் இதில் கொஞ்சம் வித்தியாசப்படும்.

சுட்ட சிப்பியின் மேல் தண்ணீர் தெளித்தால் அது சூடேறி, பொருமி, வெடித்து மாவாக உதிரும். இதைத்தான் நீற்றுவது என்கிறோம். 56.1 நிறையோடு 18.0 நிறையுள்ள நீர் சேர்ந்து 74.1 நிறையுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, நீற்றின சுண்ணாம்பு, ஆகிறது. ஆக 100 கிலோ சிப்பி 56 ஆகக் குறைந்து மறுபடி 74 ஆகக் கூடுகிறது. எடை இப்படி மேலும் கீழும் ஆடினாலும் சுமார் 1000 மோல் கால்சியம் தொடக்கத்திலிருந்து கடைசி வரை 1000 மோலாகவே நிற்கிறது. மோல் கணக்கில் பழகியவனுக்குக் கண்ணில் தெரிவது இந்த அசையாத எண்.

அதே சுண்ணாம்பு நம் தோட்டங்களில் இன்னொரு வேலை செய்கிறது. எடைக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. மழைக்காலத்தில் கமுகுக்கும் நல்லமிளகுக் கொடிக்கும் ரப்பருக்கும் தெளிக்கிற போர்டோ கலவையைச் சொல்கிறேன். பிரான்ஸின் போர்டோ வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்த மருந்து அது. ஒரு விழுக்காடு கலவைக்கு ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது நம் விவசாயிகளுக்கு மனப்பாடம். கிலோவுக்குக் கிலோ சமம். பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று என்று தோன்றும். மோலில் பார்த்தால் அப்படி இல்லை.

துருசு என்கிற மயில்துத்தத்தில் தாமிர சல்பேட்டோடு ஐந்து நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தாமிரம் 63.5, கந்தகம் 32.1, நான்கு ஆக்சிஜன் 64.0, ஐந்து நீர் 90.1, மொத்தம் 249.7. எனவே ஒரு கிலோ துருசு 1000ஐ 249.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 மோல். ஒரு கிலோ நீற்றின சுண்ணாம்பு 1000ஐ 74.1ஆல் வகுத்தால் 13.5 மோல். எடையில் சமமாக நிற்பவை எண்ணிக்கையில் ஒன்றுக்கு மூன்றுக்கும் மேலாக இருக்கின்றன. எளிமைப்படுத்திச் சொன்னால் ஒரு மோல் தாமிர சல்பேட்டுக்கு ஒரு மோல் கால்சியம் ஹைட்ராக்சைடு போதும். கலவையில் உண்மையில் உருவாகும் தாமிரச் சேர்மம் இதைவிடச் சிக்கலானது என்றாலும் கணக்கின் போக்கு இதுதான். அப்படிப் பார்த்தால் 4 மோலுக்குத் தேவை 4ஐ 74.1ஆல் பெருக்கினால் கிடைக்கும் 296 கிராம், கிட்டத்தட்ட 300 கிராம். மீதி 700 கிராம் எதற்கு?

காரணங்கள் உண்டு. தோட்டத்துக்கு வருகிற சுண்ணாம்பு ஆய்வகத்துச் சுண்ணாம்பு அல்ல. காற்றில் கிடந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிப் பாதி மறுபடி கார்பனேட்டாகியிருக்கும், மணலும் இருக்கும். தாமிரம் கொஞ்சமும் தனித்து மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் இலை கருகும். எனவே சுண்ணாம்பைத் தாராளமாகப் போட்டுவிடுகிறார்கள். போதுமா என்று பார்க்க நம்மவர்கள் செய்யும் சோதனை உனக்குத் தெரிந்திருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய வெட்டுகத்தியைக் கலவையில் சற்று நேரம் முக்கி எடுப்பார்கள். இரும்பின் மேல் செம்பு நிறம் படிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பாலை ஊற்றுவார்கள். கரைசலில் தாமிர அயனி மிஞ்சியிருந்தால் அது இரும்பைக் கரைத்துவிட்டுத் தான் அங்கே படிகிறது என்பதே அதன் பொருள். எது முதலில் தீர்ந்துபோகிறது, எது மிஞ்சுகிறது என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறோம். பள்ளிக்கூடம் போகாத என் தாய்மாமா அதைக் கத்தி முனையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

துருசைச் சொன்னதால் என் அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. 0.1 மோலார், அதாவது லிட்டருக்கு 0.1 மோல் கரைந்திருக்கும், தாமிர சல்பேட் கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்கச் சொன்னார்கள். நான் புத்தகத்தில் தாமிர சல்பேட்டின் நிறை 159.6 என்று பார்த்து, 15.96 கிராம் நீலப் படிகத்தை நிறுத்துக் கரைத்துவிட்டேன். பிறகு 20 மில்லி எடுத்துப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, 0.1 மோலார் தயோசல்பேட்டால் தரம் பார்த்தபோது 20 மில்லி ஆக வேண்டிய இடத்தில் 12.8இலேயே நீலம் மறைந்துவிட்டது. கரைசலை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் ஒழுகுகிறதா என்று மூன்று முறை கழுவிப் பார்த்தேன். குற்றம் பியூரெட்டில் இல்லை. 159.6 என்பது நீரற்ற வெள்ளைப் பொடிக்கு உரிய நிறை. என் கையில் இருந்ததோ 249.7. நான் தயாரித்தது 0.064 மோலார் கரைசல். அன்று முதல் எந்தப் புட்டியை எடுத்தாலும் மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் வாய்பாட்டைப் படிக்காமல் தராசைத் தொடுவதில்லை. நீயும் அப்படிச் செய். படிக நீர் உண்டா என்று பார்ப்பது பாதிக் கணக்கு.

மோலார் நிறையிலிருந்தே விழுக்காட்டுக் கணக்கும் வந்துவிடும். மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமத்தின் வாய்பாடு இரும்பு ஒன்று, டைட்டானியம் ஒன்று, ஆக்சிஜன் மூன்று, மொத்தம் 151.7. அதில் டைட்டானியம் டை ஆக்சைடின் பங்கு 79.9. வகுத்தால் 52.6 விழுக்காடு. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் சவறா மணலில் எடுக்கும் இல்மனைட்டில் 60 விழுக்காட்டை ஒட்டிக் காண்கிறார்கள். கணக்கு தப்பா என்றால் இல்லை. வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்து இரும்பின் ஒரு பகுதி கரைந்து போய்விட்டதால் மீந்ததில் டைட்டானியத்தின் பங்கு கூடிவிட்டது. வாய்பாடு தூய பொருளுக்கு உரியது, மணல் மணலுக்கு உரியது.

பெருக்குவதா, வகுப்பதா என்ற மூன்றாவது சந்தேகத்துக்குச் சூத்திரத்தை முக்கோணமாக எழுதி மூடி மூடிப் பார்க்கும் வழியை எனக்குப் பிடிக்காது. அலகைப் பேச விட்டாலே போதும். மோலார் நிறையின் அலகு 'ஒரு மோலுக்கு இத்தனை கிராம்'. 'ஒரு குலைக்கு இத்தனை கிலோ' என்பது போன்றதுதான். ஏத்தன் வாழைக்குலை ஒன்று 12 கிலோ, கடையில் 60 கிலோ கிடக்கிறது, எத்தனை குலை என்றால் நீ யோசிக்காமல் வகுக்கிறாய். ஐந்து குலை, எத்தனை கிலோ என்றால் யோசிக்காமல் பெருக்குகிறாய். குலையின் இடத்தில் மோல் வந்ததும் அந்த யோசனை மறந்து போவதற்குக் காரணம் மோல் அந்நியமாகத் தெரிவதுதான். கிராமிலிருந்து மோலுக்குப் போகும்போது வகுக்கிறோம், மோலிலிருந்து கிராமுக்குத் திரும்பும்போது பெருக்குகிறோம். மோலிலிருந்து துகள்களின் எண்ணிக்கைக்குப் போக 6.022 × 10²³ஆல் பெருக்க வேண்டும். கிராமிலிருந்து நேரே துகளுக்கோ, லிட்டருக்கோ, இன்னொரு பொருளின் கிராமுக்கோ தாவ வழி கிடையாது. எல்லாப் பாதையும் மோல் என்ற சந்திப்பு வழியாகத்தான் போகும். ஒரு பொருளின் மோலிலிருந்து இன்னொரு பொருளின் மோலுக்குக் கடப்பதற்குச் சமன்செய்த சமன்பாட்டின் எண்கள்தான் பாலம்.

எந்தத் துகளின் மோல் என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடு. 'ஒரு மோல் ஆக்சிஜன்' என்று மட்டும் சொன்னால் அணுவா மூலக்கூறா என்று தெரியாது. அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32 கிராம். 'ஒரு டசன் செருப்பு' என்றால் ஒற்றைச் செருப்பா, ஜோடியா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார் அல்லவா, அதே சிக்கல்தான்.

வாயுக்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. எந்த வாயுவாக இருந்தாலும், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரு மோல் ஏறத்தாழ ஒரே பருமனைப் பிடிக்கும். 1811இல் அவகாட்ரோ சொன்னதன் மறுபக்கம் இது. 0 டிகிரி செல்சியஸிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் அது 22.4 லிட்டர். அழுத்தத்தை 1 பார் என்று வைத்துக்கொண்டால் 22.7 லிட்டர்; சில புத்தகங்களில் இந்த எண்ணைப் பார்த்துக் குழம்பாதே. நம் ஊர் வெக்கையில், 30 டிகிரியில், வளிமண்டல அழுத்தத்தில் அது 24.9 லிட்டருக்கு விரிந்துவிடும்.

இனி உன் கணக்கு. நீ 50ஐ நேரே 22.4ஆல் பெருக்கியதால் 1120 வந்தது. 22.4 என்பது 'ஒரு மோலுக்கு இத்தனை லிட்டர்'. நீ அதைக் கிராமோடு பெருக்கிவிட்டாய். 12 கிலோக் குலையை விலைபேசும்போது குலை விலையைக் கிலோ எண்ணிக்கையால் பெருக்கியது போல ஆயிற்று. முதலில் 50 கிராமை 100.1ஆல் வகுத்து மோலுக்கு வா: 0.4995. சமன்பாட்டில் ஒரு மோல் கார்பனேட்டுக்கு ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு என்பதால் அதுவும் 0.4995 மோல். இப்போது 22.4ஆல் பெருக்கினால் 11.2 லிட்டர். 50 கிராம் என்பது ஒரு கைப்பிடிச் சிப்பி. அதிலிருந்து 1120 லிட்டர், அதாவது 200 லிட்டர் பீப்பாய் ஐந்தரை நிறைகிற வாயு வருமா என்று பேனாவை வைப்பதற்கு முன் ஒரு நொடி கேட்டிருந்தால், பிழை அங்கேயே உன் கண்ணில் பட்டிருக்கும்.